அமானிதமாய் ஒரு வயலின் உறை

2025 ஜனவரியில் இந்திய அரசின் பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, பத்ம விபூஷண் பெறுவோர் வரிசையில் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் பெயரும் இருந்தது. செய்தியை வாசித்துக்கொண்டு போனேன். கர்நாடக இசை, ஜாஸ், மேற்கத்திய வாத்தியக்குழு, திரைப்படம் என்று எல்லாம் சொல்லப்பட்டிருந்தன. நான் தேடியது ஒரேயொரு சொல்லை. 'யாழ்ப்பாணம்'. நான் பார்த்த செய்தியில் அது இருக்கவில்லை. எழுபத்தேழு வருட வாழ்வில் சிறு பராயத்தோடு முடிந்துபோன ஓர் ஊரை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? எனக்கு மட்டும் அது பெரிய விடயமாகப் பட்டது. ஏனென்றால் அந்த ஊரை விட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வாப்பா தையற்காரர். சோனகதெருவில் சிறிய கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, சுவரில் மக்காவின் படம் போட்ட கலண்டர், அதற்குக் கீழே ஒரு ரேடியோ. அந்த ரேடியோவில் நாகூர் ஹனிபாவின் பாட்டுப் போனால் வாப்பாவின் கால் மெஷினின் மிதிபலகையில் கொஞ்சம் வேகமாக ஆடும். அதற்கு மேல் இசையோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை. வாத்தியங்கள் விடயத்தில் எங்கள் வீடுகளில் இருந்த மார்க்க ரீதியான தயக்கம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் வயலின் மாஸ்டர். வண்ணார்பண்ணைப் பக்கம் வீடு. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பார். தன் வயலினுக்குத் துணியில் ஓர் உறை தைத்துத் தரவேண்டும் என்று ஒருநாள் வாப்பாவிடம் வந்தார். வாப்பா அளவுநாடாவை எடுத்து, ஒரு பிள்ளைக்குச் சட்டை அளப்பதுபோல அந்த வயலினை அளந்தார். கழுத்து எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று எனக்குச் சொல்லச்சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். கரும்பச்சை வெல்வெட்டில் உள்ளே பஞ்சு வைத்து, பக்கத்தில் சிப் போட்டுத் தைத்த உறை அது. மாஸ்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானா, எனக்குக்கூட இப்படி ஒரு சட்டை நீங்கள் தைச்சுத் தரேல்லையே" என்றார்.

அன்று தொடங்கியதுதான் மாஸ்டரோடு எனக்கிருந்த பழக்கம். வயலின் கற்க நான் போகவில்லை. கேட்கப் போனேன்.

மாஸ்டர் அடிக்கடி சொல்லும் பெயர் லட்சுமிநாராயணா. தமிழ்நாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தன் பொடிப் பருவத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்ட அதிர்ஷ்டம் தனக்கு இருந்தது என்பார் மாஸ்டர். அந்த லட்சுமிநாராயணாவின் பிள்ளைகள்தான் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்ற மூவரும். தாயார் சீதாலட்சுமியும் இசை தெரிந்தவர். 1947இல் பிறந்த சுப்பிரமணியம் ஆறு வயதிலும், அவருக்கு இளைய சங்கர் ஏழு வயதிலும் மேடையேறியவர்கள். 1958 இனக் கலவரத்தை அடுத்து அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டது. "இஞ்ச இருந்திருந்தால் இந்த ஊர் வேறை மாதிரி இருந்திருக்கும்" என்று மாஸ்டர் பெருமூச்சு விடுவார்.

லட்சுமிநாராயணாவுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. கர்நாடகக் கச்சேரியில் வயலின் என்பது பக்கவாத்தியம். பாடகர் பாடுவார், வயலின் பின்னால் வரும். பாடகர் விட்ட இடத்தை நிரப்பும். அந்த வயலின் தனியே முன்னால் வந்து உட்காரவேண்டும், உலக மேடைகளில் தனிவாத்தியமாக ஒலிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து வயலின் கச்சேரி செய்தது அந்தக் கனவின் முதற்படி. சுப்பிரமணியம் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியமும் வாசித்திருக்கிறார். இடையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டொக்டராகவும் தேறினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்குப் போய் மேற்கத்திய இசையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1974இல் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசனும் சேர்ந்து வட அமெரிக்காவில் நடத்திய இசைப் பயணத்தில் அவரும் ஒரு வாத்தியக்காரர். தம்பி சங்கர், ஜோன் மக்லோக்லின், சாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சேர்ந்து 1975 முதல் 1978 வரை 'சக்தி' என்ற குழுவில் வாசித்தார். பின்னர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலின் ஒன்றைத் தனக்கென்று செய்வித்துக்கொண்டார். அண்ணன் வைத்தியநாதன் சினிமாவுக்குப் போனார். வசனமே இல்லாத 'பேசும் படம்' அவருடைய இசையில்தான் வந்தது. அவர் 2007இல் காலமானார்.

இவற்றில் பெரும்பகுதி அந்நாளில் எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது ஒரேயொரு கசெற். 1986ஆக இருக்கவேண்டும். டுபாயில் வேலை பார்த்த மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. சுப்பிரமணியமும் ஸ்டெபான் கிரப்பெலி என்ற வயதான பிரெஞ்சு ஜாஸ் வயலின்காரரும் சேர்ந்து வாசித்த, 'உரையாடல்கள்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட தொகுப்பு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவருடைய கசெற் டுபாய் போய் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த பெருமையில் அதைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

மாஸ்டர் ஒரு பக்கம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபக்கம் போடவா என்று கேட்டேன். கையால் வேண்டாம் என்றார்.

"கையில நல்ல சாதகம் கிடக்கு. அதைச் சொல்லாட்டில் பாவம். ஆனா தம்பி, உது பாயாசத்துக்குள்ள ரசம் விட்ட மாதிரி. ரண்டும் நல்லது. சேத்தால் ரண்டுமில்லை."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. "மாஸ்டர், அந்தக் கிழவர் ஒரு வழியால வாறார், இவர் வேறை வழியால வாறார். நடுவில சந்திக்கினம். அதுதானே அழகு" என்றேன்.

"சந்திக்கிறது சரி. திரும்பி வீட்டை போக வழி தெரியவேணுமே" என்றார் மாஸ்டர்.

அந்தக் கேள்வியை நான் பல வருடங்கள் சுமந்திருக்கிறேன். இப்போது யோசித்தால், மாஸ்டரிடம் சொல்லியிருக்கவேண்டிய பதில் அவருடைய கையிலிருந்த வாத்தியத்திலேயே இருந்தது என்று தோன்றுகிறது. வயலின் எங்கிருந்து வந்தது? அரபுலகத்தின் ரபாப் என்ற வில்வாத்தியம் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பத்தாம் நூற்றாண்டில் தன் பெரிய இசை நூலில் ரபாபைப் பற்றி அல்-பாராபி எழுதியிருக்கிறார். அது ஐரோப்பாவில் ரெபெக் என்று பெயர் மாறியது. வயலினின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. வயலினாகி, கப்பலேறி, வெள்ளைக்காரனோடு சென்னைப் பட்டினம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். வந்த வாத்தியத்தை நம்மவர்கள் அப்படியே வைத்திருக்கவும் இல்லை. நின்றபடி தாடைக்குக் கீழே பிடிப்பதை மாற்றி, சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலிலும் அடியை நெஞ்சிலும் தாங்கவைத்தார்கள். அதனால் இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டுத் தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓடக்கூடியதாயிற்று. அந்த வழுக்கலில்தான் கமகம் இருக்கிறது. சுருதியையும் மாற்றினார்கள். மேற்கில் நான்கு தந்திகளும் அடுத்தடுத்துப் பஞ்சம இடைவெளியில் ஏறிப்போகும். நம்மவர்கள் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று கட்டிக்கொண்டார்கள். இத்தனையும் நடந்த பிறகு நாம் அதை 'நம்முடைய வாத்தியம்' என்கிறோம். பாயாசத்துக்குள் ரசம் எப்போதோ விடப்பட்டுவிட்டது. நாம் அதைக் குடித்துப் பழகிவிட்டோம் என்பதுதான் உண்மை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேற்கத்திய சாஸ்திரிய வயலின் மேதை யெஹூதி மெனுஹின், இதே கிரப்பெலியோடு ஜாஸ் வாசித்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். ஆனால் அவருடைய பகுதிகளை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கவேண்டி இருந்தது. எழுதியதை வாசிப்பதில் அவருக்கு நிகர் அவரே. அந்தக் கணத்தில் கற்பனையாய் வாசிப்பது அவர் வளர்ந்த மரபில் இல்லை. கர்நாடக வயலின்காரருக்கு அது மனோதர்மம். ராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் மேடையிலேயே பிறப்பவை. ஆகவே சுப்பிரமணியம் கிரப்பெலிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்நியராக உட்காரவில்லை. சிறு வயதில் தகப்பனார் பழக்கிய வித்தையோடு உட்கார்ந்தார். அதேநேரம் 1985இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக்குழுவுக்காக, சுபின் மேத்தாவின் நெறியாள்கையில், வேத உச்சாடனங்களை அடிப்படையாகக் கொண்ட படைப்பொன்றை ஆக்கியபோது நிலைமை மறுபக்கமாகப் புரண்டது. அங்கே வாத்தியக்குழு முழுவதற்கும் ஒவ்வொரு சுரத்தையும் எழுதிக்கொடுக்கவேண்டும். எழுதாமல் வளர்ந்தவர் எழுதவேண்டியவரானார்.

எல்லாக் கலப்பும் நன்றாக வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எண்பதுகளின் சில தொகுப்புகளில் மின் வாத்தியங்களின் இரைச்சலுக்குள் வயலின் மூச்சுத்திணறுவதை இன்று கேட்கும்போது மாஸ்டர் சொன்ன பாயாசம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் கர்நாடகக் கச்சேரியைக் கைவிடவில்லை. வாத்தியக்குழுவின் நடுவிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் தாங்கித்தான் வாசித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கதிரையில். அவர் மட்டும் மேடைமேல் இன்னொரு சிறு மேடையில், யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்த மாதிரியே. அந்தக் காட்சியை ஒளிப்பதிவில் முதன்முதலாகப் பார்த்தபோது, வீட்டுக்குத் திரும்பும் வழி அவருக்குத் தெரியும் என்று மாஸ்டரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். மாஸ்டர் அப்போது பக்கத்தில் இல்லை.

1990 ஒக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் தெருக்களில் போனது. எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரும்படி அறிவித்தார்கள். அங்கே வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். உம்மா வீட்டுக்குள் ஓடி எதை எடுப்பது என்று தெரியாமல் அரிசிப் பானையைத் தூக்கினார். வாப்பா நேரே கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். மெஷினை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெஷினைத் தொடவில்லை. தைத்து முடித்த உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்சல் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் அமானிதம். உடையவங்களிட்டக் குடுத்திட்டு வா. சுணங்காத."

அந்தப் பார்சல்களில் ஒன்று மாஸ்டரின் வயலின் உறை. சிப் பழுதாகிப் புதிய சிப் போடுவதற்காக முதல் வாரம் தந்திருந்தார். சைக்கிளில் பறந்தேன். மாஸ்டர் முற்றத்தில் நின்றார். "என்ன தம்பி அவசரம்? நாளைக்குக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். நாளைக்கு நாங்கள் இங்கே இல்லை மாஸ்டர் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். சிப் போட்ட கூலியைத் தர வேட்டி மடிப்பைத் தடவினார். நான் நிற்கவில்லை.

வழியில் சோதித்தார்கள். வாப்பாவின் கத்தரிக்கோல் போனது. மச்சான் தந்த கசெற் போனது. வாப்பாவின் கழுத்தில் கிடந்த அளவுநாடாவை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. புத்தளம் வந்து ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த முதல் மாதங்களில் எங்களிடமிருந்த ஒரே தொழிற் கருவி அதுதான். யாரோ ஒருவரின் மெஷினை வாடகைக்கு எடுத்து வாப்பா மறுபடி தைக்கத் தொடங்கினார். ஆனால் வெட்டு மாறியது. புத்தளத்தவர்கள் கேட்ட விதமாக வெட்டினார். யாழ்ப்பாணத்து வெட்டும் புத்தளத்து வெட்டும் சேர்ந்த ஒரு சட்டை உருவானது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

எங்கள் பேச்சுக்கும் அதேதான் நடந்தது. என் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். வீட்டில் ஒரு தமிழ், வெளியில் ஒரு தமிழ் பேசி, இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போனால் "நீங்கள் புத்தளமோ?" என்கிறார்கள். புத்தளத்தில் முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் நாங்கள் 'யாழ்ப்பாணத்து ஆக்கள்'. முன்பெல்லாம் இது எனக்கு வேதனையாக இருந்தது. என் எழுத்திலும் இந்தக் கலப்பு வந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத் திருத்துவேன். மாஸ்டர் பக்கத்தில் நின்று 'ரண்டுமில்லை' என்று சொல்வதுபோல இருக்கும்.

லட்சுமிநாராயணா குடும்பத்தின் வெளியேற்றத்தையும் எங்களுடையதையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. அவர்கள் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். எங்களுக்கு அது மட்டுமே பிறந்த மண். ஆனாலும் ஊரை இழந்த குடும்பம் எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்க்கும்போது மனம் அங்கேயும் போய் நிற்கிறது. கைப்பழக்கத்தைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. அதைப் போகிற இடத்து வாத்தியங்களோடு சேர்த்து வாசிக்காமல் வாழமுடியாது. லட்சுமிநாராயணா 1990இல் காலமானார், எங்கள் மெஷின் எங்களை விட்டுப்போன அதே வருடம். 1992இல் மகன் சுப்பிரமணியம் தகப்பனாரின் பெயரில் ஓர் உலக இசை விழாவைத் தொடங்கினார். பல தேசத்து இசைகளும் ஒரே மேடையில் ஒலிக்கும் விழா. கலப்பிசை என்று நாம் குறைசொல்வது, பக்கவாத்தியமாகவே இருக்கமாட்டேன் என்ற ஒரு தகப்பனின் பிடிவாதம் பிள்ளைகளில் நீண்டதுதான் என்று நான் விளங்கிக்கொள்வது அதனால்தான்.

மாஸ்டருடைய கதையும் வேறில்லை. 1995 ஒக்டோபர் 30. நாங்கள் போன அதே திகதி, ஐந்து வருடம் கழித்து, யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தபோது அவரும் வயலினோடு நடந்தார். கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று அலைந்து கடைசியில் மகளிடம் கனடா போய்ச் சேர்ந்தார். 2014இல் பழைய நண்பர் ஒருவர் மூலம் ரெலிபோன் இலக்கம் கிடைத்தது. குரல் தளர்ந்திருந்தது. முதலில் வாப்பாவைக் கேட்டார். வாப்பா மவுத்தாகிப் பத்து வருடம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு பேத்தியைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்து வாத்தியக்குழுவில் அவள் நின்றுகொண்டு வாசிக்கிறாளாம். வீட்டில் அவரிடம் சம்மணமிட்டு உட்கார்ந்து படிக்கிறாளாம். "ஒரே வயலின் தம்பி. பள்ளிக்கூடத்தால வந்து, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, முதல் செய்யிற வேலை சுருதி மாத்திறது. விடியப் போகேக்க திரும்ப மாத்திறாள். நான் ஒண்டும் சொல்லுறேல்லை."

"அப்ப பாயாசத்துக்குள்ள ரசம், மாஸ்டர்?" என்றேன்.

சிரித்தார். "அதை நீர் மறக்கேல்லையோ? அண்டைக்கு மற்றப் பக்கத்தையும் கேட்டிருக்கவேணும். போன வருசம் பேத்தி கம்பியூட்டரில போட்டுக் காட்டினவள். முழுக்கக் கேட்டனான்."

"எப்பிடி?"

"இப்பவும் முழுசாப் பிடிக்கேல்லை. ஆனா அந்தக் கிழவன் வாசிக்கேக்க இவன் எப்பிடிப் பொறுத்திருந்து கேக்கிறான் எண்டது இப்பதான் எனக்குக் கேக்குது."

வைக்கப்போகும் நேரத்தில்தான் துணிந்து கேட்டேன். "மாஸ்டர், அந்த உறை?"

"இதுக்குள்ளதான் கிடக்கு. வன்னியில மழைக்க நனைஞ்சு வெல்வெட் நிறம் போச்சு. சிப் மட்டும் இன்னும் வாப்பா போட்டபடி சுகமா ஓடுது." பிறகு ஏதோ பழைய கடனை நினைத்தவர்போல, "அந்தச் சிப்புக்குக் காசு நான் தரேல்லை, என்ன தம்பி?" என்றார்.